எர்மினியா ஃபாயில் கேட்காத ஞாயிறு

மாப்பிள்ளை பார்க்க வருகிற கூட்டத்துக்கு நாச்சோஸ் போடப்போகிறேன் என்று ஃபெர்மின் சொன்னதும், கடையில் அவரோடு கறி வெட்டுகிறவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். ஆட்டம் பார்க்கும்போது கொறிக்கிற சாமானை யாராவது விருந்தென்று போடுவார்களா, மாட்டுத்தலையை வேகவைத்து இறக்கு, சோளமட்டையில் தமாலே கட்டி அவி என்று ஆளுக்கொரு யோசனை. ஃபெர்மின் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை அவரேதான், வயது அறுபத்து மூன்று. மனைவி போய் ஒன்பது வருடம். சான் அன்டோனியோ நகரத்தின் தெற்கே சொந்த வீடு, அதில் ஒரே நேரத்தில் இரண்டு ட்ரே பிடிக்கிற ஓவன். தனக்கு எது நன்றாக வரும் என்பது அவருக்குத் தெரியும். தெரியாதவன்தான் பத்துப் பேரிடம் கேட்டுக்கொண்டு திரிவான்.

கட்டிக்கொள்ளப்போகிறவள் ஒராலியா. ஐம்பத்தொன்பது வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், ஏழு பிள்ளைகளில் கடைசி, இதுவரை கல்யாணம் ஆகாதவள். மூத்த அக்கா எர்மினியாவோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். தாயில்லாமல் அவளைத் தூக்கி வளர்த்தவர் அந்த அக்காதான். ஃபெர்மின் மோதிரத்தை நீட்டியபோது ஒராலியா வாங்கிக்கொண்டாள், விரலில் போடவில்லை.

"அக்காவுக்குப் பிடிக்கணும். பிடிக்கலைன்னா நான் சர்ச்சுக்கும் வரமாட்டேன், கோர்ட்டுக்கும் வரமாட்டேன். உன் மோதிரம் உன் கைக்கே திரும்பி வரும்."

"உங்க அக்காவைக் கூட்டிக்கிட்டு வா. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார் ஃபெர்மின். அக்காவோடு இன்னும் முப்பத்து மூன்று பேர் வருவதாகத் தகவல் வந்தது. அதற்கும் அவர் அசரவில்லை.

கணக்கு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நூறு டோர்ட்டியா, மெல்லிசான சோள ரொட்டி, ஒவ்வொன்றையும் நாலாக வெட்டினால் நானூறு சில்லு. ட்ரேக்கு நாற்பது. ஓவனில் இரண்டிரண்டாக ஐந்து முறை. டோர்ட்டியா முந்தின நாளையதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயைக் குடித்துவிட்டு நம்மைப் பார்த்துப் பல்லிளிக்கும். சனிக்கிழமையே எல்லாவற்றையும் பொரித்து, துணி விரித்து ஆற வைத்துவிட்டார். பின்டோ பயறை வேகவைத்து, பன்றிக் கொழுப்பில் மசித்து, களி போலக் கெட்டியாக இறக்கியாயிற்று. சீஸைக் கட்டியாக வாங்கி, விரல் நுனி தேயத் தானே துருவினார். பையில் துருவி விற்கிறதை அவர் தொடமாட்டார். ஒட்டாமல் இருக்க அதில் மாவு தூவியிருப்பார்கள், உருகினாலும் நறநறவென்று நிற்கும்.

கறியில்தான் அவருடைய கர்வம் முழுவதும் இருந்தது. விலாவுக்கு உட்புறம் பட்டையாக ஓடுகிற சதை, மாட்டுக்கு இரண்டே பட்டை. சவ்வை உரித்து, உப்பும் சீரகமும் பூண்டும் மிளகும் பூசி, இரும்புச் சட்டி புகைகிற சூட்டில் போட்டு இரண்டு பக்கமும் கருக்கினார். ஆறவிட்டு, நகத்தளவுக்குக் கொத்தினார். கொத்தியதை அதன் சாற்றோடு திரும்பவும் சட்டியில் போட்டு, சாறு கறியிலேயே ஏறிச் சுண்டும்வரை பிரட்டினார். ஈரத்தோடு கறியைச் சில்லில் வைப்பவர்களைப் பற்றி அவர் சொல்வதை இங்கே எழுத முடியாது.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஒராலியா ஒத்தாசைக்கு வந்தாள். மேசை, அலமாரி, துணி துவைக்கிற இயந்திரத்தின் தலை என்று எல்லா இடத்திலும் ட்ரேக்கள். ஒவ்வொரு சில்லிலும் பயறு தடவி, அதன் மேல் கறி வைத்து, அதன் மேல் சீஸ் தூவி, வினிகரில் ஊறிய பச்சைமிளகாய் வட்டம் ஒன்றை நடுவில் அமுக்கிக்கொண்டிருந்தார் ஃபெர்மின்.

"என்னது இது?"

"கண்ணு தெரியலையா? நாச்சோஸ்."

"சரி, சாப்பாடு எங்க?"

"இதான் சாப்பாடு."

ஒராலியா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். "போச்சு. ஃபெர்மின், எல்லாம் போச்சு."

அப்போதுதான் அலுமினிய ஃபாயில் விஷயம் அவருக்குத் தெரியவந்தது. எர்மினியா எதையும் வாய்விட்டு நல்லது என்று சொல்கிற ரகம் இல்லை. ஒரு வீட்டுக்குப் போனால் சாப்பிடுவார், கிளம்பும்போது "ஃபாயில் இருக்கா?" என்று கேட்பார். கேட்டால் அந்த வீடு பாஸ். தட்டில் கொஞ்சம் எடுத்து, மேலே ஃபாயில் மூடி, வீட்டுக்குக் கொண்டுபோவார். கேட்காவிட்டால் அவ்வளவுதான். தம்பி ஓமெரோ நின்ஃபாவைக் கட்டுவதற்கு முன் அவள் வீட்டில் விருந்து நடந்தது. எர்மினியா ஃபாயில் கேட்டார், கல்யாணம் நடந்தது. அன்று பள்ளிக்கூடக் குழுவை ஏற்றிக்கொண்டு கார்பஸ் ஊர் வரை போயிருந்த ஒராலியா, ராத்திரி வீட்டுக்கு வந்து அந்தத் தட்டைத் தின்றுதான் சம்மதம் தெரிந்துகொண்டாள். இருபத்து நாலு வருடத்துக்கு முன்னால், இன்ஷூரன்ஸ் விற்கிற ரிகோபெர்த்தோ என்று ஒருவன். ஒராலியாவுக்கு அவன் மேல் உயிர். அவன் வீட்டு விருந்துக்கு அக்காவும் தங்கையும் சேர்ந்தே போனார்கள். எர்மினியா கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். திங்கட்கிழமை ஒராலியா அவனிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள்.

"இதை எப்படி மூடிக் கொண்டுபோவா? பத்து நிமிஷத்துல சொதசொதன்னு ஆயிடுமே!"

"அதான் பத்து நிமிஷத்துல தின்னுடணும்."

"விளையாடாதே. அக்காவுக்குக் கொஞ்சம் கறியைத் தனியா எடுத்து வை. கேட்டா கட்டிக் குடுக்கலாம்."

"கறி தனி, சில்லு தனின்னா அதுக்குப் பேரு நாச்சோஸ் இல்ல, பொட்டலம். மிச்சம் இருந்தாத்தானே கொண்டுபோறதுக்கு? மிச்சம் இருக்காது. நீ மிளகாயை வை."

அவர் ஓவனைச் சூடேற்றத் திரும்பிய நேரத்தில் ஒராலியா ஒரு கிண்ணம் கறியை வழித்து, குளிர்பெட்டியில் முட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். தன் பையிலிருந்து புத்தம் புது ஃபாயில் சுருள் ஒன்றையும் எடுத்து மேசைமேல் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தாள்.

இரண்டு மணிக்குக் கூட்டம் வந்து இறங்கியது. தொலைக்காட்சியில் டாலஸ் அணியின் ஆட்டம் தொடங்கியிருந்தது. எர்மினியா கறுப்பு உடையில், எழுபத்து நாலு வயதிலும் நிமிர்ந்த முதுகோடு வந்து, சமையலறையும் முன்னறையும் சேருகிற இடத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பை மடியில். ஒரு நீதிபதி சம்பளம் வாங்காமல் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

ஓமெரோ நேராக ட்ரேக்களிடம் வந்தார். "ஏ மச்சான்! இன்னும் மச்சான் ஆகலை, இருந்தாலும் ஒரு வாட்டி கூப்பிட்டுக்கறேன். சமைக்கறியா, சீட்டுக்கட்டு அடுக்கறியா? எல்லாத்தையும் ஒரே குவியலாக் கொட்டி, மேல சீஸைப் போட்டு எடுத்துட்டு வாயேன்."

"குவிச்சா மேல கைவைக்கறவனுக்கு மாடு, அடியில தேடறவனுக்கு வெறும் சோளம். எங்க வீட்ல நான் எட்டாவது பிள்ளை. அடியில என்ன இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும்."

"அப்ப நீ பொழைச்சு வந்ததே பெரிசு!"

"அதான் வந்து உனக்குச் சோறு போடறேன். தள்ளி நில்லு, ஓவன் திறக்கப்போறேன்."

முதல் இரண்டு ட்ரேக்கள் வெளியே வந்தன. சீஸ் இன்னும் குமிழியிட்டுக்கொண்டிருந்தது, ஓரத்தில் சில்லு பழுப்பேறியிருந்தது. மணம் முன்னறைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஆட்டம் பார்த்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். சூடு நாக்கைச் சுட, "ஆ, ஊ" என்று வாயைத் திறந்து மூடியபடியே அடுத்ததற்குக் கை நீட்டினார்கள். ஒரு சில்லும் வளையவில்லை, ஒரு துண்டுக் கறியும் கீழே சிந்தவில்லை. நின்ஃபா யாரும் பார்க்காதபோது இரண்டைச் சேர்த்து வாயில் போட்டுக்கொண்டாள். டாலஸ் எப்போது புள்ளி எடுத்தது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

எர்மினியாவின் தட்டில் ஃபெர்மின் எல்லாருக்கும் வைத்ததையே வைத்தார். "அக்காவுக்குக் கறி கூட வை" என்று ஒராலியா கிசுகிசுத்தாள். "எல்லாச் சில்லும் ஒண்ணுதான்" என்றார் அவர். எர்மினியா முதல் சில்லை விளிம்பைப் பிடித்து எடுத்தார், அடியைத் திருப்பிப் பார்த்தார், கடித்தார். மொறுக்கென்று சத்தம் கேட்டது. முகம் அசையவில்லை. அடுத்ததை எடுத்தார். ஐந்து சுற்றிலும் அவர் தட்டு காலியாகவே திரும்பி வந்தது, ஆனால் வாய் மட்டும் பேசவில்லை. அக்காவுக்குப் பக்கத்தில் நின்றபடி ஒராலியாவும் தின்றாள். பயத்தில்தான் தின்றாள், இருந்தாலும் நன்றாகத் தின்றாள்.

நாலரை மணிக்கு ட்ரேக்களில் எண்ணெய்த் தடம் மட்டும் மிஞ்சியிருந்தது. கூட்டம் சாவியையும் தொப்பியையும் தேட ஆரம்பித்தது. எர்மினியா கை கழுவப் போனார். அந்த நேரம் பார்த்து ஒராலியா ஃபாயில் சுருளைக் கொண்டுவந்து அக்காவின் கைப்பைக்கு மேலேயே வைத்துவிட்டாள். இதைவிட வெளிப்படையாகச் செய்ய வேண்டுமானால் பலகையில் எழுதித்தான் மாட்ட வேண்டும்.

எர்மினியா திரும்பி வந்தார். ஃபாயிலைப் பார்த்தார். அதை எடுத்து மேசையில் தள்ளி வைத்தார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள். ஓமெரோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒராலியா துடைக்கிற துணியை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள், அழவில்லை. இருபத்து நாலு வருடத்துக்கு முன்னாலும் இப்படித்தான் நின்றிருப்பாள் என்று ஃபெர்மினுக்குத் தோன்றியது. அவள் கையை ஏப்ரன் பைக்குள் விட்டாள். மோதிரம் அங்கேதான் இருந்தது.

ஆனால் ஃபெர்மின் முப்பத்தொரு வருடமாகக் கறிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறவர். வாங்க வந்தவர் மனதில் இருப்பதை முகத்தைப் பார்த்து யூகிக்கிறவன் தப்பான துண்டைத்தான் வெட்டுவான். கேட்டுவிட வேண்டும். பெரியவர்களை மரியாதையாக அழைக்கிற 'டோன்யா'வைச் சேர்த்தே கூப்பிட்டார்.

"டோன்யா எர்மினியா, ஒரு நிமிஷம். கறி சரியில்லையா?"

எர்மினியா திரும்பினார். "கறிக்கு என்ன? நல்லாத்தான் இருந்துச்சு. பதினாலு தின்னேன். நீ எண்ணலையா?"

"எண்ணினேன். அப்புறம் ஏன் ஃபாயில் கேக்கலை?"

"யாருக்குக் கேக்கறது?"

"வீட்டுக்கு."

"வீட்ல யார் இருக்கா?" எர்மினியாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இவளுக்குத்தானே கொண்டுபோவேன். சனி ஞாயிறு ஆனா பஸ்ஸை எடுத்துக்கிட்டு ஊர் ஊராப் போயிடுவா, ராத்திரி பட்டினியா வந்து நிப்பா. இன்னிக்கு என் பக்கத்துலயே நின்னு வயிறு முட்டத் தின்னா. அப்புறம் எதுக்கு எனக்கு ஃபாயில்?"

ஓமெரோதான் வாயைத் திறந்தார். "அக்கா, உனக்குப் பிடிச்சிருந்தாத்தான் நீ ஃபாயில் கேப்பேன்னு…"

"எந்தக் கழுதை சொன்னது?"

சொன்ன கழுதை ஓமெரோதான். நாற்பது வருடமாக, ஒவ்வொரு விருந்திலும், அடித்துச் சத்தியம் செய்து சொன்னவர். இப்போது நின்ஃபாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். அந்த உடம்புக்கு அது முடியவில்லை.

"ரிகோபெர்த்தோ வீட்ல நீ கேக்கலையேக்கா" என்றாள் ஒராலியா.

"நீ பக்கத்துல உக்காந்து தின்னுட்டிருந்தியே." எர்மினியா யோசித்தார். "அந்தப் பையன் நல்லவன்தான். நீ ஏன் வேண்டாம்னு சொன்னேன்னு எத்தனை நாள் மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டிருக்கேன். கேட்டா அழுவியோன்னு கேக்கலை."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே புரிந்தது. நிமிர்ந்தே இருந்த முதுகு கொஞ்சம் இறங்கியது. கைப்பை தோளிலிருந்து நழுவி முழங்கையில் வந்து தொங்கியது. "என் வாய்க்காகவாடி? இத்தனை வருஷம், என் வாயைப் பாத்துக்கிட்டா உக்காந்திருந்தே?"

ஒராலியா தலையாட்டினாள். அப்புறம் அழுதாள். முப்பத்தைந்து வயதில் அழுதிருக்க வேண்டிய அழுகையும் அதில் சேர்ந்து வந்தது. முகம் தெரியாத அந்த ரிகோபெர்த்தோவுக்கு இரங்குவதா, நன்றி சொல்வதா என்று ஃபெர்மினுக்கு விளங்கவில்லை. இரண்டையும் மனதுக்குள் செய்துவிட்டு, ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தார்.

"டோன்யா எர்மினியா, இந்த வீட்ல இனிமே யாரும் எதையும் யூகிக்க வேண்டாம். நான் நேரா கேக்கறேன். உங்க தங்கச்சியை நான் கட்டிக்கறேன். உங்களுக்குச் சம்மதமா?"

முப்பத்து மூன்று பேரும் வாசல் பக்கம் நெருங்கி வந்தார்கள். எர்மினியாவிடம் அந்தக் குடும்பத்தில் ஒருவரும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. பழக்கமில்லாத வேலை என்பதால் அவருடைய உதடுகள் சற்றுத் தடுமாறின.

"சரி" என்றார். போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். ஃபெர்மினைப் பார்த்து, "சரிப்பா" என்றார். ஓமெரோவின் பக்கம் திரும்பி, "சரின்னு சொல்லிட்டேன், கேட்டுச்சாடா?" என்று அதட்டினார். அப்புறம் தங்கையிடம் போய், அவள் கையில் முறுக்கியிருந்த துணியைப் பிடுங்கி அதனாலேயே அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"சரி, சரி, சரி. போதுமாடி?"

ஒராலியா அக்காவின் மணிக்கட்டை விடவில்லை.

"இன்னும் கொஞ்சம் சொல்லுக்கா" என்றாள்.