கத்தரீனா வெட்டிய கடல்

குருநகரில் கத்தரீனாவுக்குச் சமையலில் பேர் கிடையாது. அவள் வைக்கிற மீன்குழம்பை இரண்டாம் தரம் கேட்டவர் எவருமில்லை. கோயிற் பாடகர் குழுவில் ஒரு மாதம் பாடினாள், பிறகு அவர்களாகவே அவளை பின் வாங்கில் உட்கார்ந்து செபிக்கச் சொல்லிவிட்டார்கள். பிள்ளையும் இல்லை. ஆனால் சவர அலகு பிடித்து வெட்டுகிற கை மட்டும் அவளுக்கு வாய்த்திருந்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் அவள் ஊரில் தலை நிமிர்த்தி நடந்தாள்.

ஒவ்வொரு நத்தாருக்கும், இயேசு பிறந்த நாளுக்கு, கோயிற் பங்கின் சார்பில் ஆயருக்கு ஒரு வாழ்த்து அட்டை போகும். இந்திய இராணுவம் வந்த எண்பத்தேழாம் வருடம் தொடங்கி அந்த அட்டை கத்தரீனாவின் கையால்தான் போனது. நத்தாருக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிவில், பங்குச் சுவாமியார் அட்டையை உயர்த்திக் காட்டி, "செய்தது பிலிப்புவின்ரை பெண்சாதி கத்தரீனா" என்பார். வருடத்தில் ஒரேயொரு நாள், ஒரேயொரு வசனம். அதற்காக அவள் ஆவணியிலேயே ஆயத்தம் தொடங்குவாள்.

அவள் செய்கிற விதம் இதுதான். ஆஸ்பத்திரியில் வேலைசெய்யும் மச்சான் அடைக்கலநாதன் பழைய எக்ஸ்றே படங்களைக் கொண்டுவந்து கொடுப்பான். அவற்றைச் சலவைச் சோடா போட்ட சுடுநீரில் ஊறவைத்துத் தேய்த்தால் நெஞ்செலும்பு, முறிந்த எலும்பு எல்லாம் கரைந்துபோய், கண்ணாடி மாதிரித் தகடு மிஞ்சும். அதில் நட்சத்திரம், புறா, தோணி என்று வெட்டி எடுப்பாள். ஓட்டை விழுந்த தகட்டை அட்டையின் மேல் வைத்து, மையில் தோய்த்த பஞ்சால் ஒற்றினால் உருவம் பதியும். வெட்டி விழுந்த துண்டுகளைக் கூட்டி வேலியோரம் கொட்டிவிடுவாள். குப்பைதானே.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மை பெரும்பாடாகிவிட்டது. யுத்தத்தில் பாதை அடைபட்டு, கொழும்பிலிருந்து ஒன்றும் வராது. பனையோலைப் பெட்டிக்குப் போடும் சாயப்பொடியைத் தண்ணீரில் கரைத்துச் சிவப்புச் செய்தாள். உடுப்புக்குப் போடும் நீலத்தைக் குழைத்து வானம் செய்தாள். சிவப்பு வெளிறியது, நீலம் ஊறிப் பரவியது. இருந்தாலும் போட்டிக்கு யாருமில்லை என்ற தைரியத்தில் இருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் றோஸ் முளைத்தாள்.

றோஸ் மண்டைதீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, பக்கத்து வளவில் கொட்டில் போட்டிருந்தவள். மை கிடையாது, எக்ஸ்றே தகடு கிடையாது, நல்ல அலகு ஒன்றுகூடக் கிடையாது. ஒருநாள் செபமாலை சொல்லி முடிந்த கையோடு பழைய கலண்டர்த்தாளின் வெள்ளைப் பக்கத்தில் செய்த அட்டை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் நிறமே இல்லை. வெள்ளைத் தாளில் வெள்ளையாகவே நட்சத்திரமும் புறாவும் மேலே புடைத்துக்கொண்டு நின்றன.

"கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கோ" என்றாள் றோஸ்.

பெண்கள் கண்ணை மூடித் தடவினார்கள். "ஐயோ, புறாவின்ரை செட்டை தெரியுது!" என்று அருமைநாயகி கத்தினாள். கத்தரீனாவின் கைக்கு அட்டை வந்தபோது அவள் கண்ணை மூடவில்லை. அடுத்தவளிடம் தள்ளிவிட்டாள். சுவாமியார் வேறு, "இந்த முறை ரெண்டு பேரும் செய்யுங்கோ. பாத்துத்தான் எடுப்பம்" என்று சொல்லிவிட்டார்.

ஒரு கிழமை, ஏழு நாளும், அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தாள் எப்படிப் புடைக்கிறது? எதை வைத்து அழுத்துகிறாள் உவள்? கடைசியில் தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக்கொண்டு நெருப்பு வாங்குகிற சாட்டில் றோஸின் கொட்டிலுக்குப் போனாள். தீப்பெட்டி கிடைக்காத காலம், யாரும் யார் வீட்டுக்கும் தணல் கேட்டுப் போகலாம். றோஸ் அடுப்பில் தணல் கிளற, கத்தரீனா மூலையைப் பார்த்தாள்.

தேயிலைப்பெட்டிப் பலகை ஒன்று. அதில் வேப்பம்பிசினால் ஒட்டிய சின்னத் தகட்டுத் துண்டுகள், ஒரு நட்சத்திரம், ஒரு புறா. பக்கத்தில் ஈரத்தாளும் ஒரு கரண்டியும். துண்டுகளின் மேல் ஈரத்தாளை விரித்துக் கரண்டி முதுகால் தேய்த்தால் உருவம் மேலே எழும்பும், அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அந்த நட்சத்திரத்துக்கு ஒரு முனை கட்டையாக இருந்தது. அலகு வழுக்கி அந்த முனையைக் கட்டையாக்கியது கத்தரீனாதான். புறாவும் அவளுடையதுதான். வேலியோரம் கொட்டிய அவளுடைய குப்பை!

தணலோடு வீடு வந்தவள் புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள். கடற்படையின் தடையால் இரண்டு வருடத்துக்கு மேலாகக் கடலுக்குப் போகமுடியாமல், கிழியாத வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்த பிலிப்பு நிமிர்ந்து பார்த்தான்.

"சுவாமியிட்டைப் போய்ச் சொல்லன்."

"என்னெண்டு சொல்ல? நான் எறிஞ்ச குப்பையைப் பாத்து நானே பொறாமைப்பட்டனான் எண்டோ? ஊர் சிரிக்கும்."

அன்று மத்தியானமே கத்தரிக்கோலை எடுத்தாள். அன்று விழுந்த துண்டுகள் அத்தனையையும் நூல்நூலாக, வளைத்தும் நெளித்தும் நறுக்கினாள். எறியாமல் விட்டிருக்கலாம், அடுப்பில் போட்டிருக்கலாம். அது போதாது அவளுக்கு. றோஸ் வந்து குனிந்து பார்க்கவேண்டும், பார்த்து வாடவேண்டும். அதனால் அதே இடத்தில், வேலியோரம், கண்ணில் படும்படி கொட்டினாள்.

"நெத்தலிக்குத் தலை கிள்ளுற மாதிரி என்னத்தை நறுக்கிறாய்?" என்று கேட்ட பிலிப்பு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வலைப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

இரண்டு கிழமை நாள்தோறும் நறுக்கினாள். றோஸ் புது அட்டை எதுவும் காட்டவில்லை. கத்தரீனாவுக்குப் பசி திரும்பி வந்தது.

நத்தாருக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்தது. கத்தரீனாவின் அட்டையைச் சுவாமியார் பார்த்து, "வடிவாயிருக்கு" என்றார். பிறகு றோஸினுடையதை எடுத்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு முதல் வாங்கில் இருந்தவரிடம் கொடுத்து, "கை மாத்திக் குடுங்கோ" என்றார்.

அட்டையில் ஒரு தோணி, மேலே கட்டைமுனை நட்சத்திரம். கீழே முழுக்கக் கடல். நூறு நூறு மெல்லிய அலைகள், ஒன்றுக்குமேல் ஒன்று ஏறி, வளைந்து, மடிந்து கிடந்தன. ஆண்கள் பக்கத்தில், கடல் மூடப்பட்டுக் கிடந்த அந்த மீனவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடி விரலால் தடவினார்கள். பிலிப்புவிடம் வந்ததும் அட்டை நின்றுவிட்டது. அவன் தடவிக்கொண்டே இருந்தான். பெண்கள் பக்கத்திலிருந்து கத்தரீனா அதைப் பார்த்தாள்.

"இதை எப்பிடிச் செய்தனி, பிள்ளை?" என்று சுவாமியார் கேட்டார்.

றோஸ் எழும்பினாள். "கத்தரீனா அக்கா எறியிற துண்டுகள்தான் சுவாமி. முதல் எல்லாம் பெரிசு பெரிசாக் கிடக்கும். தோணி கிடைச்சுது, கடலுக்கு ஒண்டும் இல்லாமல் தவிச்சுக்கொண்டு இருந்தனான். அக்காவுக்கு எப்பிடியோ விளங்கிப்போச்சு. இவ்வளவும் இருந்து நறுக்கி, நான் எடுக்கிற இடத்திலயே கொண்டுவந்து போட்டவா. வாய் திறந்து ஒரு சொல் சொல்லேல்லை. அக்கான்ரை பேரைத்தான் முதல் சொல்லவேணும்."

எல்லோரும் திரும்பிக் கத்தரீனாவைப் பார்த்தார்கள். சுவாமியாரின் கண் கலங்கியிருந்தது.

"ஓமோ, கத்தரீனா?"

இல்லை என்று சொல்ல ஒரு கணம் இருந்தது. அந்தக் கணம் போனது.

"ஓம் சுவாமி."

"செய்தது கத்தரீனாவும் றோஸும்" என்று சுவாமியார் சொன்னார். கோயில் முழுக்கக் கைதட்டியது. ஐந்து வருடத்தில் ஒருநாளும் அவள் பேருக்கு யாரும் கைதட்டியதில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். பிலிப்பு எட்டிப் பிடித்தான்.

"பேரை முதல் சொல்லியாச்செல்லோ. பிறகென்ன முகம்?"

அவள் நின்றாள். "அஞ்சு வருசம் அட்டை செய்தனான். ஒண்டையாவது கையில வாங்கிப் பாத்தனீங்களே? அவளின்ரையை மட்டும் தடவு தடவெண்டு தடவினீங்கள்."

"நான் றோஸின்ரை அட்டையைத் தடவேல்லை. கடலைத்தான் தடவினனான்" என்றான் பிலிப்பு மெதுவாக. "அவ்வளவும் நீ வெட்டினது. நான் பாத்துக்கொண்டுதானே இருந்தனான்."

கத்தரீனா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்தது.

"வெட்டினது நான்தான்" என்றாள். "ஆனா எனக்கு அது குப்பையாத்தானே தெரிஞ்சது. அவளுக்கெல்லோ கடலாத் தெரிஞ்சது."