இந்தத் துப்பாக்கி யாருடையது

மொன்டானாவில் நாற்பது வருடம் இருந்த வீட்டை விற்றுவிட்டு, அலாஸ்காவில் மகள் இருக்கும் ஃபேர்பேங்க்ஸுக்குக் குடிபோகிறோம். நடுவில் கனடா இருக்கிறது. அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

என் கணவர் ஆரின், எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்ரோல் பம்பில் ஒரு ஸ்பூன் குறைந்தாலும் சீல் வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அப்படிப்பட்டவர், தன் அப்பாவின் வேட்டைத் துப்பாக்கியைக் கனடா வழியாகக் கொண்டுபோக ஆறு வாரம் சட்டம் படித்தார். குண்டுகள் ஒரு பெட்டியில், துப்பாக்கி வேறு பெட்டியில், விசைக்கு ஒரு பூட்டு, பெட்டிக்கு ஒரு பூட்டு. கைத்துப்பாக்கியை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வீட்டில் இருந்த ஒன்றை ஊரிலேயே விற்றாயிற்று. படிவத்தை வீட்டிலேயே நிரப்பிவிட்டார். கையெழுத்தை மட்டும் அதிகாரியின் கண்முன் போட வேண்டுமாம், அந்த இடம் காலி. என்னையும் சும்மா விடவில்லை.

“எதுக்குத் துப்பாக்கின்னு கேட்டா என்ன சொல்லுவ?”

“நம்மளக் காப்பாத்திக்க.”

“போச்சு! மனுஷங்கிட்டருந்து காப்பாத்திக்கன்னு சொன்னா அங்கேயே பிடுங்கி வெச்சுக்குவாங்க. கரடிக்குன்னு சொல்லு.”

“எனக்குக் கரடி மேல ஒரு கோபமும் இல்லையே.”

“லெனோரா!”

“சரி சரி, கரடிக்கு.”

அந்தத் துப்பாக்கியால் இதுவரை ஒரு கரடியும் செத்ததில்லை. என் கணவரும் அவர் தம்பி டெல்மரும் பேச்சை நிறுத்தியதுதான் அது சாதித்த ஒரே காரியம். மாமனார் இறந்த வாரம் சண்டை ஆரம்பித்தது. அப்பா எனக்குத்தான் கொடுத்தார் என்றான் டெல்மர். இல்லை, எனக்குத்தான் என்றார் ஆரின். துப்பாக்கி எங்கள் வீட்டு அலமாரியில் இருந்ததால் ஆரின் ஜெயித்தார். பத்தொன்பது வருடம் ஆகிறது. டெல்மர் இருக்கும் ஊர் டோக், அலாஸ்காவுக்குள் நுழைந்ததும் எங்கள் வழியில்தான் இருக்கிறது. அங்கே பெட்ரோல் போடக்கூட வண்டியை நிறுத்தமாட்டேன் என்று ஆரின் சொல்லிவிட்டார். ஒரே ஒரு வேளை அங்கே இறங்கி, இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துவிட்டால் போதும் என்பது என் ஆசை. இரண்டும் எழுபதைத் தொடப்போகின்றன. இனி எப்போது?

எல்லைச் சாவடியில் தீசன் என்ற பெண் அதிகாரி. பூட்டுகளைப் பார்த்தார், துப்பாக்கியில் இருந்த எண்ணைப் படிவத்தோடு ஒப்பிட்டார், என் பக்கம் திரும்பினார்.

“எதுக்கும்மா இது?”

“கரடிக்கு.”

ஆரின் என்னைப் பெருமையாகப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

“சரி. கையெழுத்துப் போடுங்க சார். சொன்னதெல்லாம் உண்மைன்னு போடுற கையெழுத்து, பொய்யா இருந்தா குற்றம். துப்பாக்கி உங்களோடதுதானே?”

எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். ஆரின் பேனாவை எடுத்தார். கீழே வைத்தார். மறுபடியும் எடுத்தார். அவர் காது சிவந்துவிட்டது.

“இல்லைங்க. என் தம்பியோடது. எங்கப்பா அவனுக்குத்தான் குடுத்தாரு.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பத்தொன்பது கிறிஸ்துமஸைத் தனித்தனியாகக் கொண்டாடியிருக்கிறோம்!

“இத வீட்டுல ஒரு தடவ சொல்லித் தொலைச்சிருக்கலாமே?”

“வீட்டுல யாரும் கையெழுத்துக் கேக்கலையே.”

தீசன் எங்கள் இருவரையும் பார்த்தார். “அப்ப தம்பிகிட்ட சம்மதக் கடிதம் வாங்கியிருக்கீங்களா?”

“பேச்சுவார்த்தை இல்லைங்க.”

“எவ்வளவு நாளா?”

“பத்தொன்பது வருஷமா.”

“அப்பக் கடிதம் இருக்காது,” என்றார் அவர். “போன்ல அவர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வேண்டாம்னு சொல்லிட்டா துப்பாக்கி உள்ள வராது. நம்பர் இருக்கா?”

“எங்கிட்ட இல்ல,” என்றார் ஆரின்.

“எங்கிட்ட இருக்கு,” என்றேன். வருடா வருடம் டெல்மர் மனைவியோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆரின் என்னை முறைத்தார். முறைக்கட்டும், இன்றைக்கு அவர் முறை இல்லை.

தீசன் போனை எல்லாருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

“சார், ஆரின்னு ஒருத்தர் எல்லைக்கு ஒரு துப்பாக்கி கொண்டுவந்திருக்கார். உங்க அண்ணனாமே?”

“எனக்கு அண்ணன்னு யாரும் கிடையாது.”

தீசன் படிவத்தைப் பார்த்தார். அதில் இதை எழுத இடமில்லை. “துப்பாக்கி உங்களோடதுன்னு சொல்றார் சார்.”

அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது. டெல்மர் அதை அதட்டினான்.

“யாரு சொல்றா?”

“அவரேதான்.”

“அந்த ஆளு வாயால சொல்லச் சொல்லுங்க.”

ஆரின் மேசைமேல் குனிந்தார். “டேய் டெல்மரு. அது உன்னோடதுதான்டா. எனக்கு அப்பவே தெரியும்.”

இவ்வளவு தூரம் வந்து கெட்டுப்போய்விடுமோ என்று நானும் மேசைப் பக்கம் நகர்ந்து போனுக்குக் காதைக் கொடுத்தேன்.

“எடுத்துட்டு வரட்டுங்க,” என்றான் டெல்மர் கடைசியில். “வாட்சன் லேக் தாண்டி ரோடு மோசம். அண்ணனை மெதுவா ஓட்டச் சொல்லுங்க.” போனை வைத்துவிட்டான்.

தீசன் குறித்துக்கொண்டார். பிறகு படிவத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தார். “துப்பாக்கி போய்ச் சேருற ஊர் ஃபேர்பேங்க்ஸ்னு எழுதியிருக்கீங்க. இது சரிதானா சார்?”

ஆரின் அந்த வரியைப் படித்தார். பேனாவை எடுத்து, ஃபேர்பேங்க்ஸை ஒரே கோட்டில் அடித்து, மேலே டோக் என்று எழுதினார். திருத்திய இடத்திலும், காலியாக விட்டிருந்த இடத்திலும் கையெழுத்துப் போட்டார். படிவம் மூன்று பிரதி. மூன்றிலும் அடித்து, மூன்றிலும் எழுதி, மூன்றிலும் போட்டார். கழிவறை எந்தப் பக்கம் என்று தீசனிடம் கேட்டு, நான் போய் அழுதுவிட்டு வந்தேன்.