அரை மில்லிமீட்டர் ஆழம்

பதினெட்டு மில்லிமீட்டர் தடிமனுக்குள் ஒரு மடிக்கணினியை அடக்கியே தீருவது என்று முதலாளி கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார். மெக்னீசிய உடல், கருநீல மெருகு, சாதாரணக் கணினிகள் இரண்டின் விலை. மேசைமேல் அதை வைத்தால் பார்ப்பவர் வாயைப் பிளக்க வேண்டும்; அவ்வளவுதான் அவருடைய ஆசை. அந்த ஆசைக்காகக் குறுந்தகடு ஓடும் பெட்டி முதலில் வெளியேறியது. பின்பு காற்றாடி போயிற்று. அப்படியும் அரை மில்லிமீட்டர் உதைத்தது.

உதைத்த இடம் விசைப்பலகைக்கும் அதன் அடியில் படுத்திருந்த பேட்டரிக்கும் நடுவே. விசைப்பலகை ஒரு பெண்ணின் பொறுப்பு. அலுவலகமே அவளை விசைக்காரி என்றுதான் அழைத்தது. பேட்டரி அவளுடைய அக்காள் கணவரின் பொறுப்பு. ஆகவே பகலில் தொடங்கிய சண்டை மாலையில் சாப்பாட்டு மேசைக்கும் வந்து சேர்ந்தது.

"அத்தான், விசை ஒன்றரை மில்லிமீட்டராவது இறங்கணும். இல்லேன்னா வெறும் பலகையில விரலைத் தட்டுற மாதிரி இருக்கும்."

"நான் அரை மில்லிமீட்டரை விட்டுக்கொடுத்தா, நாலு மணி நேரம் ஓடறது மூணு மணி நேரத்துல கண்ணை மூடிடும். அப்புறம் உன் விசையை வெச்சுத் தாளமா போடறது?"

"ரெண்டு பேரும் வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க" என்றாள் அக்காள். அது எப்படி முடியும் என்று கேட்கும் துணிவு இருவருக்குமே இல்லை.

மறுநாள்தான் முடிவு நாள். விசைக்காரி முதலாளியின் அறைக்கு இரண்டு மாதிரிகளைக் கொண்டுபோனாள். ஒன்று அவர் கேட்ட பதினெட்டு. அதில் விசைகள் ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கும். மற்றொன்று பதினெட்டரை, அதை யாரும் கேட்கவில்லை, அவளாகவே துணிந்து செய்தது. மெல்லியது தேறிவிட்டால், ஒன்றரை ஆண்டாக விசை விசையாக அவள் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் வீண். வாங்குகிறவர்கள் விரலை உதறும்போதெல்லாம் திட்டு விழுவதும் அவளுக்கே.

முதலாளி இரண்டையும் தூக்கிப் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலால், கோழி கொத்துவதுபோல், இதில் ஒரு விசையையும் அதில் ஒரு விசையையும் அமுக்கினார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாம்மா இருக்கு. அப்ப மெல்லிசானதையே வெச்சுக்கலாமே!"

விசைக்காரிக்குச் சுருக்கென்றது. எத்தனையோ பேரை உட்காரவைத்துச் சோதித்தவளுக்கு, முடிவுசெய்யும் மனிதர் வாழ்நாளில் ஒரு கடிதம்கூடத் தம் கையால் தட்டியதில்லை என்பது தோன்றாமலே போய்விட்டது.

"சார், தினமும் அடிக்கிறவங்க ஒரு பக்கம் அடிச்சுப் பாக்கட்டுமே" என்றாள்.

அவர் தம் காரியதரிசியை அழைத்தார். அந்த அம்மாள் வந்தார், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார், இரண்டிலும் ஒவ்வொரு பக்கம் தட்டினார். தடித்ததில் சிறுதூறல் விழுவது போன்ற ஓசை எழுந்தது. மெல்லியதில் பாதிப் பக்கத்திலேயே விரல்களை உதறிக்கொண்டார்.

"இது பாக்கறதுக்கு மட்டுந்தான் சார்."

முதலாளி சிரித்தார். "இருக்கட்டுமே! வாங்கப்போறவங்க எல்லாம் என்னை மாதிரி ஆளுங்க. யாரு உக்காந்து அடிக்கப்போறா?"

விசைக்காரி மாதிரிகளைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினாள். அவர் சொன்னது பொய்யில்லையே!

காரியதரிசி எழுந்திருக்கவில்லை. "சார், உங்க நாற்காலியை யாரு தேர்ந்தெடுத்தது?"

"நீங்கதான்."

"மேசை விளக்கு?"

"அதுவும் நீங்கதான். அதுக்கென்ன இப்ப?"

"போன வருஷம் பரிசா வந்துதே ஒரு தங்க நிறக் கணினி, அது?"

"நீங்க முகத்தைச் சுளிச்சீங்க. திருப்பி அனுப்பிட்டேன்."

"உங்களை மாதிரி ஒவ்வொருத்தர் அறைக்கு வெளியிலயும் என்னை மாதிரி ஒருத்தி உக்காந்திருப்பா சார்."

முதலாளி தாடையைத் தடவினார். மெல்லியதை ஏக்கத்தோடு ஒருமுறை பார்த்துவிட்டு ஓரமாக நகர்த்தினார்.

"பதினெட்டரையே போகட்டும். ஆனா விளம்பரத்துக்குப் படம் எடுக்கறவர்கிட்ட சொல்லிடுங்க, பக்கவாட்டுல எடுக்கவே கூடாது. மேலேருந்து எடுக்கட்டும்."

வெளியே அத்தான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"அரை மில்லிமீட்டர் கிடைச்சுது அத்தான்!"

"என் பேட்டரி வயித்துலேருந்தா எடுத்தீங்க?"

"இல்லை, அவர் பிடிவாதத்துலேருந்து. உங்க நாலு மணி நேரம் அப்படியே இருக்கு."

அத்தானின் முகம் மலர்ந்தது. உடனே சந்தேகமும் வந்தது. "உங்க அக்காகிட்ட நீ ஜெயிச்சேன்னு சொல்லுவியா, நாம ஜெயிச்சோம்னு சொல்லுவியா?"

"அது நீங்க நடந்துக்கறதைப் பொறுத்து" என்று சொல்லி, பதினெட்டரையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள் விசைக்காரி.