மேலேயிருந்து பார்ப்பார்கள்

இரண்டாயிரத்து ஆறு பங்குனியில் செல்வநாயகி வீட்டுக்கு ஓர் ஆள் வந்தது. ஓட்டுக் கேட்டு அல்ல, அவள் நிலத்தைக் கேட்டு. கணவன் செத்து நான்கு வருஷம். பிள்ளை குட்டி இல்லை. பகலில் பீங்கான் கம்பெனியில் கப்புகளின் விளிம்பைத் தேய்ப்பாள், வீட்டில் ரேடியோவோடு சண்டை போடுவாள். அவ்வளவுதான் அவள் பேச்சுத் துணை.

வந்தவள் அகல்யா, சென்னையில் ஆராய்ச்சி படிக்கிறவள். வீட்டுக்குப் பின்னால் புல்கூட முளைக்காத ஒரு ஏக்கர் வெள்ளைக் களிமண்ணைப் பார்த்து அவளுக்கு வாயெல்லாம் பல். செயற்கைக்கோள் ஒன்று, மண் திருப்பியனுப்பும் வெளிச்சத்தை இருநூறு நிறங்களாகப் பிரித்துப் படமெடுத்து, எங்கே என்ன மண் என்று சொல்லிவிடுமாம். அது சொல்வது சரிதானா என்று கீழேயும் ஒருவர் அதே நேரத்தில் அளக்க வேண்டுமாம்.

"ஞாயித்துக்கிழம பத்து மணிக்கு மேலேருந்து பாக்கும்க்கா. சரியா வந்துச்சுன்னா பதினாறு நாளைக்கு ஒருதரம், ஒரு வருஷம் வருவேன். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். நெலம் இப்படியே இருக்கட்டும்."

விருந்துக்கு வருகிற யார்தான் இதைச் சொல்வதில்லை? சொன்னார்களே என்று எந்த வீட்டில் சும்மா இருந்திருக்கிறார்கள்? வருஷத்துக்கு இருபத்திரண்டு தரம் என்று செல்வநாயகி விரல்விட்டு எண்ணிவைத்தாள்.

ஞாயிறு விடிந்ததும் பக்கத்துப் போர்வெல்லிலிருந்து ஓஸ் பைப்பை இழுத்து, புழுதி அடங்க நிலம் முழுக்கத் தண்ணீர் தெளித்தாள். நடுவில் பெரிய கோலம். மேலேயிருந்து பார்ப்பார்கள் அல்லவா! கேசரியும் கிண்டிவைத்தாள்.

கருவியோடு வந்த அகல்யா வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா... ஈரமா இருந்தா மண்ணோட வெளிச்சமே மாறிடும்க்கா."

"தொடச்சிடட்டுமாம்மா?"

அகல்யாவால் சிரிக்க முடியவில்லை. பத்து மணி தாண்டும்வரை உட்கார்ந்து கேசரியை வழித்துச் சாப்பிட்டாள்.

"அடுத்த தரம் காயவச்சிடறேன்ம்மா."

"இல்லக்கா. கம்மாபுரத்துல எங்காளுங்க இன்னிக்கு வேற நெலத்த அளந்துட்டாங்க. மொதல்ல அளந்த எடத்தையேதான் வருஷம் பூரா அளக்கணும். போயிட்டு வரேங்க்கா."

வரமாட்டாள் என்று இருவருக்கும் தெரியும்.

பதினாறாம் நாள் செல்வநாயகி லீவு போட்டாள். வாசலுக்குக்கூடத் தண்ணீர் தெளிக்கவில்லை. தனியாக இருப்பது அவளுக்குப் பழகிப்போனதுதான். ஆனால் அன்றைக்குத் தாங்க முடியவில்லை. பத்து மணிக்கு வெடித்துக் கிடந்த நிலத்தின் நடுவே போய் நின்று, ஒன்றுமே தெரியாத வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"எல்லாம் காஞ்சுதான் இருக்குது. நல்லா பாத்துக்க" என்றாள், சத்தமாக.