யார் எங்கே படுப்பது

அன்று என் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: கட்டிலில் என் அக்கா சங்கிலியம்மாள். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் விஜய்பாண்டி, முத்துலட்சுமியின் தம்பி. அவளும் நானும் கோர்ட்டில் பிரிந்து வருடங்கள் ஆகியும் என்னை மச்சான் என்றே கூப்பிடுகிறவன். தரையில் நான். எனக்கு முன்னால், தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த அலைபேசியில், மதுரையிலிருந்து என் மகள் சந்தனப்பிரியா. அவளுடைய அம்மா திரையில் தெரியவில்லை. வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

காரியம் இதுதான். முத்துலட்சுமியின் இப்போதைய கணவருக்கு ஜோகன்னஸ்பர்க்கில் வேலை. முழுப்பரீட்சை லீவுக்குத் தாயும் மகளும் அங்கே போகிறார்கள். அங்கிருந்து ஒரு பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்து, அந்த ஆளே ஓட்டி, எல்லை தாண்டி போட்ஸ்வானா காட்டுக்குள் போகிறார்களாம். ராத்தங்கல் ஓட்டலில் இல்லை. வண்டிக் கூரைமேல் விரிகிற கூடாரம் ஒன்று, தரையில் அடிக்கிற கூடாரம் ஒன்று. சுற்றி வேலி கிடையாது. பிள்ளை எல்லை தாண்ட வேண்டுமானால் பெற்ற தகப்பன் சம்மதக் கடிதம் எழுதித் தர வேண்டும். நான் எழுதாவிட்டால் அவள் போக முடியாது.

விஜய்பாண்டி கொண்டுவந்த தாளில் போகிற வழி முழுவதும் இருந்தது. விரல் வைத்து வரிவரியாகப் படித்தேன். கலகாரி மணல். ஒகவாங்கோ தண்ணீர். சோபே ஆற்றங்கரை. கூடாரத்துக்குப் பக்கத்தில் யானை நிற்கிற படம்கூட இருந்தது. பல்லிக்குப் பயந்து படுக்கையறை விளக்கை அணைக்க விடாதவள் முத்துலட்சுமி. நான் அவளைக் கூட்டிப்போன அதிகபட்ச தூரம் பக்கத்திலிருக்கிற சுருளி அருவி. இருட்டும்வரை உட்கார்ந்திருப்போம் என்றாள். மறுநாள் திராட்சைக்கு மருந்தடிக்க ஆள் சொல்லியிருந்தேன், கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது சிங்கம் திரிகிற இடத்தில் விளக்கில்லாமல் தூங்கப் போகிறாள் என்றால், அது யார் கொடுத்த தைரியம்?

மேல் கூடாரத்தில் எத்தனை பேர் படுக்கலாம் என்று கேட்டேன். இரண்டு பேர் என்றான் விஜய்பாண்டி. மேலே யார், கீழே யார் என்றேன். அவன் தாளைத் திருப்பிப் பார்த்தான், அதில் அது இல்லை. பிள்ளையின் பாதுகாப்புக்காக, தாயும் மகளும் மேலே, அந்த ஆள் கீழே என்று கடிதத்தில் ஒரு நிபந்தனை சேர்ப்பேன், அதற்கு ஒப்புக்கொண்டால்தான் கையெழுத்து என்றேன்.

"அந்த ஊரு ஆபீசரு படிச்சா சிரிப்பாக, மச்சான்."

"சிரிக்கட்டும்."

அதுவரை வெற்றிலை மென்றுகொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஏலே, ஒம் மக எங்கன படுக்குறான்னு கேக்குறியா, மத்தவ எங்கன படுக்குறான்னு கேக்குறியா?"

வளையல் சத்தம் நின்றது. அலைபேசியை அணைக்கக் கை நீட்டினேன். அதற்குள் மகள் பேசிவிட்டாள்.

"அப்பா, மேல நானும் அம்மாவுந்தான். அவுக கீழ. சிங்கம் வந்தா மொதல்ல தன்னையத் தின்னுட்டுப் பசியடங்கிப் போயிரும்னு அவுகளே சொன்னாக."

விஜய்பாண்டி சிரித்தான். அக்காவும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த ஆள் போனில் பேசும்போதெல்லாம் அந்த வீட்டில் இப்படித்தான் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் சண்டை போட்டு வாங்க நினைத்ததை, கேட்பதற்கு முன்பே விட்டுக்கொடுத்துவிட்ட மனிதரிடம் எதை வைத்துச் சண்டை போடுவது?

"எழுதித் தர மாட்டீகளாப்பா?" என்றாள் மகள். குரல் இறங்கியிருந்தது.

மத்தியானம் கம்பம் டவுனில் நோட்டரி வக்கீல் முன்னால் உட்கார்ந்து என் கைப்பட எழுதினேன். ஆங்கிலத்தில், கோணாமல், ஒவ்வொரு வரிக்கும் இடம் விட்டு. நிபந்தனையைச் சேர்க்கவில்லை. உடன் பயணம் செய்பவர் என்ற இடத்தில் பேனா நின்றது. அந்தப் பெயரை நான் வாயால்கூடச் சொன்னதில்லை. வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். அஜய்குமார் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

விஜய்பாண்டி லோயர் கேம்ப் மின்நிலையத்தில் வேலைக்கு ஏற வேண்டியவன். தபாலில் அனுப்பிவிடச் சொல்லிப் போய்விட்டான். தபாலாபீசில் உறைக்குள் வைக்குமுன் கடிதத்தை ஒருமுறை பிரித்துப் பார்த்தேன். மை காய்வதற்குள் மடித்திருக்கிறேன். அவருடைய பெயர் என் கையெழுத்தின் மேல் தலைகீழாகப் பதிந்திருந்தது. மறுபடி மடித்து உள்ளே வைத்து, பசை தடவி, ஓரம் முழுக்க விரலால் அழுத்தினேன். கவுன்டரில் இருந்த பெண் எடை போட்டு, முத்திரை குத்தி, மதுரைச் சாக்குக்குள் போட்டாள்.