மூன்று மொழிக்கு ஒரே கட்டம்

ஓசூரில் பிரவீனா வேலை பார்த்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில், எச்.டி.எம்.எல் வரிகளைத் துண்டு துண்டாக ஒட்டித்தான் வலைப்பக்கம் செய்வார்கள். எங்கே பிய்ந்தது என்று தேடுவதற்குள் உயிர் போய்விடும். அந்த எரிச்சலில் அவள் சொந்தமாக ஒரு லைப்ரரி, அதாவது பக்கங்களைக் கட்டித் தரும் நிரல் தொகுப்பு, எழுதினாள்.

அதில் அட்டவணை, வரிசை, கட்டம் எல்லாமே தனித்தனி ஆப்ஜெக்ட். அட்டவணைக்குக் கீழே வரிசைகள், வரிசைக்குக் கீழே கட்டங்கள் என்று பக்கம் முழுவதும் ஒரு மரமாகக் கிளைவிட்டு நிற்கும். ஒரு கட்டம் ஒரு கிளையில்தான் இருக்கலாம். வேறு கிளையில் சேர்த்தால் பழையதிலிருந்து தானாகக் கழன்றுகொள்ளும். இந்த விதியை எழுதியதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

முதலாளி ஜெகதீஷ் அரை மனதோடு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். ஒரு ஃபேக்டரியில், எந்த ஊர் பஸ் எந்த கேட்டில் நிற்கும் என்று தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் காட்டும் டிவி போர்டு.

"ஒருத்தர் பஸ்ஸ விட்டாலும் பழைய முறைதான், பிரவீனா. அப்புறம் மூஞ்சத் தூக்கக் கூடாது."

போர்டு ஓடிய முதல் நாள் பிரவீனா ஃபேக்டரி ஆபீசிலேயே இருந்தாள். அன்று சாயங்காலம் ராயக்கோட்டை பஸ் முதல் கேட்டிலிருந்து இரண்டாவதற்கு மாறியது. ஷிப்ட் விட்டதும் ஜனம் அலுங்காமல் அங்கே போய் ஏறியது. ஜெகதீஷ் போனில் குளிர்ந்துபோனார். "நீ பாஸும்மா. இனிமே உன் முறைதான்."

அவள் வண்டியை எடுக்க முதல் கேட்டுக்கு வந்தாள். அங்கே சாப்பாட்டுப் பையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். பெயர் மோகனப்ரியா, ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வந்து, ராயக்கோட்டையில் தங்கி, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள்.

"பஸ் போயிடுச்சே! போர்டப் பாக்கலயா?"

"பாத்தங்க்கா. தமிழ்ல ஊர் பேரு மட்டுந்தான் இருந்துச்சு, பக்கத்துல ஒண்ணுமே இல்ல. யாரோ தெலுங்குல கத்துனாங்க, இன்னொருத்தர் கன்னடத்துல. எல்லாரும் ஓடுனாங்க. எனக்கு ரெண்டுமே தெரியாதுங்க்கா."

பிரவீனா லேப்டாப்பைத் திறந்தாள். கேட் எண் எல்லா மொழிக்கும் ஒன்றுதானே என்று ஒரே கட்டத்தை மூன்று மொழி வரிசையிலும் சேர்த்திருந்தாள். அது தமிழிலிருந்து கழன்று, கன்னடத்திலிருந்தும் கழன்று, கடைசியாகச் சேர்த்த தெலுங்கில் போய் உட்கார்ந்திருந்தது. தெலுங்கு படிக்கத் தெரிந்த வேப்பனப்பள்ளிக்காரர் யாரோ அதைப் படித்துக் கூவியிருக்கிறார். இந்த ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு மூன்று மொழியும் புரியும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, போர்டு தோற்றதை அவர்களே மூடிவிட்டார்கள்.

வரிசைக்கொரு நகல் எடுக்கும்படி திருத்தினாள். தமிழிலும் 2 வந்தது. மோகனப்ரியா எட்டிப் பார்த்தாள்.

"இவ்ளோதானாக்கா?"

பிரவீனாவுக்கு முகம் சுட்டது. இந்தப் பெண்ணை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் போனை எடுத்து ஜெகதீஷைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, பாஸ் இல்லண்ணா. பஸ்ஸ விட்டுட்டு ஒருத்தி இங்க நிக்கறா."