முந்நூறு பூக்களுக்குப் புருவப் பென்சில்

ஜப்பானில் எங்கள் ஊரான கசுமினோவின் ஊர்ப்பூ அயாமே, ஒருவகை நீல ஐரிஸ். தெருவில் இருக்கும் சாக்கடை மூடிகளில்கூட அதைத்தான் வார்த்திருக்கிறார்கள். மே மாதம் ஊர்ச் சதுப்பில் முந்நூறு பூக்கள் நீலமாக நிற்கும். அவை அயாமே அல்ல, அதைப்போலவே இருக்கும் காகிட்சுபாதா. அயாமே காய்ந்த நிலத்தில் வளரும். அதன் தொங்கும் இதழின் அடியில் வலைபோலக் கோடுகள் இருக்கும். காகிட்சுபாதா தண்ணீரில் நிற்கும், அதே இடத்தில் ஒரே ஒரு வெள்ளைக் கீற்று. சதுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்த முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்படியே பதினோரு வருடம் போயிற்று.

பக்கத்து நகராட்சியோடு ஊர் இணைந்த வசந்தத்தில் ஒரு கடிதம் வந்தது. சதுப்பைத் தூர்த்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கும் யோசனை இருக்கிறதாம். அதற்கு முன் அங்கிருக்கும் பூ எந்த இனம் என்று பார்க்க ஓர் ஆய்வாளர் வருவாராம். ஊர்த்தலைவர் மினெகிஷி-சான் கடிதத்தை மூன்று முறை படித்தார். அயாமே என்றால் சதுப்பு பிழைக்கும், இல்லையென்றால் போய்விடும் என்று அவரே பொருள் சொன்னார். நகராட்சியிடம் திருப்பிக் கேள்வி கேட்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை.

அன்று ஊர்க் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தேன்.

"அது அயாமே இல்லைங்க."

மினெகிஷி-சான் கடிதத்தை மடித்து வைத்தார்.

"அம்பது வருஷமா அயாமே திருவிழா நடத்துறோம், ஹிகாசா-சான்," என்றார் மினெகிஷி-சான். "அந்தப் பூவுக்கே தெரியாமலா போகும்?"

"பூவுக்குத் தெரியும்ங்க. அதுதான் பிரச்சனை."

மாதர் சங்கத் தலைவி தோகியே-சான் கோப்பையைக் கீழே வைத்தார். "வலைதானே வேணும்? வரைஞ்சுட்டாப் போச்சு. என் புருவமே நான் வரைஞ்சதுதான். நாப்பது வருஷமா என் வீட்டுக்காரர் கண்டுபிடிக்கல."

"கண்டுபிடிச்சேன்," என்றார் பின்வரிசையில் அவர் வீட்டுக்காரர். "சொல்லத்தான் பயம்."

தீயணைப்புத் தொண்டர்கள் தங்கள் பம்பைக் கொண்டுவந்து இரண்டு நாளில் சதுப்பை வற்ற வைத்தார்கள். ஆய்வாளர் வரும் நாள் காலையில் முப்பது பெண்கள் சேற்றில் பலகை போட்டு உட்கார்ந்து, தண்ணீரில் கரையாத புருவப் பென்சிலால் வெள்ளைக் கீற்றின்மேல் வலை வரைந்தார்கள். பூவுக்கு மூன்று இதழ். தோகியே-சான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, இது வலையா, கோழிக்கூண்டா? மெல்லிசா போடு!"

நான் மாதிரிக்காக ஒரே ஒரு பூவுக்கு வரைந்து காட்டினேன். கோடு சுத்தமாக விழுந்தது. அது இன்றும் எனக்குப் பிடிக்கவில்லை.

பதினொரு மணிக்கு ஆய்வாளர் நாககுபோ-சான் வந்தார். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒல்லியான பெண்மணி. மண்டியிட்டு ஒரு பூவை லென்ஸால் வெகுநேரம் பார்த்தார்.

"அயாமேதான்," என்றார்.

ஊரே குனிந்து வணங்கியது. மினெகிஷி-சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடடா," என்றார் நாககுபோ-சான். "காகிட்சுபாதாவா இருக்குமோன்னு ஆசையா வந்தேன். அது அழிஞ்சுட்டு வர்ற இனம். இருந்திருந்தா இந்த இடத்தை யாரும் தொட முடியாது. அயாமே எங்கேயும் இருக்கு. நாலு செடியைத் தொட்டியில வச்சுக்கிட்டு மிச்சத்தை மூடிடலாம்."

அவர் படிவத்தில் பேனாவை வைத்தார். மினெகிஷி-சான் வானத்தைப் பார்த்தார். தோகியே-சான் என்னைப் பார்த்தார். சொன்னால் ஊரே ஏமாற்றுக்கார ஊர் ஆகிவிடும். சொல்லாவிட்டால் அடுத்த மே மாதம் இங்கே கார்கள் நிற்கும்.

நான் சேற்றில் இறங்கினேன். கட்டைவிரலில் எச்சிலைத் தொட்டு ஓர் இதழைத் தேய்த்தேன். போகவில்லை. தரமான பென்சில். தோகியே-சான் கைப்பையிலிருந்து கோல்டு கிரீம் டப்பாவை எடுத்து நீட்டினார். இரண்டாவது தேய்ப்பில் வெள்ளைக் கீற்று வெளியே வந்தது.

நாககுபோ-சான் என் விரலைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். கூட்டத்தை நோக்கி, "எத்தனை பூவுக்கு?" என்றார்.

"எல்லாத்துக்கும்ங்க," என்றார் தோகியே-சான். "அரைகுறையா செஞ்சு எங்களுக்குப் பழக்கமில்ல."

"இங்க இருந்த தண்ணி எங்கே?" என்றார் ஆய்வாளர்.

தீயணைப்புத் தொண்டர்களின் தலைவர் கையைத் தூக்கினார். "எங்ககிட்டங்க."

ஆய்வாளர் படிவத்தை மூடினார். "மேக்கப்பைக் கலைச்சுட்டு, தண்ணியை விட்டுட்டு கூப்பிடுங்க. நான் கார்ல சாப்பிட்டுட்டு இருக்கேன்."

மாலை நான்கு மணிவரை துடைத்தோம், தண்ணீரைத் திரும்ப விட்டோம். கணுக்கால் ஆழத் தண்ணீரில் நின்று ஆய்வாளர் புதிய படிவம் எழுதினார். "முதல்ல இனம் கண்டது யாரு? எப்போ?"

என் பெயரைச் சொன்னேன். பிறகு வருடத்தையும் சொன்னேன், பதினோரு வருடத்துக்கு முந்தையது. பொய் சொல்ல அன்று எனக்குத் தெம்பு மிச்சமில்லை.

மினெகிஷி-சான் மெதுவாகத் திரும்பினார். சேறு அவர் மூக்குவரை தெறித்திருந்தது.

"பதினொண்ணு?" என்றார். "அத்தனை திருவிழாவும் தெரிஞ்சேவா?"

அதன்பின் அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சதுப்பு இருக்கிறது. அவர் தினமும் காலையில் வருகிறார். நான் பலகைப் பாதையின் இந்த முனையில் நிற்கிறேன், அவர் அந்த முனையில் நிற்கிறார். பூக்களைப் பார்த்துவிட்டுப் போகிறோம்.